காத்துப் பாய்

நூறு வரைக்கும்தான் எண்ணினேன். அதற்கு மேல் பம்பை எத்தனை தடவை அழுத்தினேன் என்று தெரியாது. கொடைக்கானல் நாயுடுபுரத்தில் எங்கள் வீட்டு வாசலில், மார்ச் மாதக் காலை வெயிலில், பத்தரை அடி நீளத்துக்கு ஒரு ரப்பர் பாய் மெதுவாக விறைத்துக்கொண்டு வந்தது. துணி காயப்போட வந்த பக்கத்து வீட்டு அக்கா, கையில் பிழிந்த துண்டோடு அப்படியே நின்றுவிட்டார்.

"என்ன புள்ள இது, மெத்தையா?"

"இல்லக்கா. தண்ணியில போட்டு மேல நின்னுக்கிட்டு துடுப்பு போடுறது."

"தண்ணிக்கு எங்க போவ?"

நல்ல கேள்வி. அதற்கு அப்போது என்னிடம் பதில் இல்லை.

எனக்கு 49 வயது. தொழில் தையல். மூஞ்சிக்கல்லில் 22 வருடமாகச் சின்னக் கடை. ஜாக்கெட், சுடிதார், பள்ளிக்கூட யூனிஃபார்ம், புடவைக்கு ஃபால்ஸ், சீசன் நேரத்தில் டூரிஸ்ட் யாராவது கிழித்துக்கொண்டு வரும் ஜெர்கினுக்கு ஜிப். 2013 வரை கால் மிஷின்தான். அப்புறம் மோட்டார் போட்டேன். வேலை இரட்டிப்பானது, காலுக்கு வேலை போனது. மத்தியானம் மூன்று மணி ஆனால் நடு முதுகில் ஆரம்பித்து இடுப்பு வரைக்கும் ஒரு வலி இறங்கும். சோதித்துப் பார்த்ததில் டிஸ்க் விலகல் எல்லாம் ஒன்றும் இல்லை. "முதுகைத் தாங்குற தசைக்கு பலம் இல்லைம்மா" என்றார் பிசியோதெரபி செய்கிற பெண். தரையில் குப்புறப் படுத்து, முழங்கையையும் கால் விரலையும் ஊன்றி, உடம்பைப் பலகை மாதிரி தூக்கிப் பிடிக்கச் சொன்னார். மூன்று நாள் செய்தேன். 25 விநாடிக்கு மேல் தாங்கவில்லை. அதைவிட, அந்த 25 விநாடியும் தரையில் கிடக்கிற நூல் துண்டுகளையே பார்த்துக்கொண்டிருப்பது பெரிய சலிப்பு. நான்காம் நாள் விட்டுவிட்டேன்.

நடப்பேன். அதில் குறை வைத்ததில்லை. ஏரியைச் சுற்றினால் ஐந்து கிலோமீட்டர் போல வரும். மலைக்காரிக்கு நடை ஒரு பொருட்டே இல்லை. பால் வாங்கப் போவதே ஏற்றம், திரும்புவது இறக்கம். மூச்சுக்கும் காலுக்கும் அது போதும். வளைந்து உட்கார்ந்தே பழகிய முதுகுக்கு மட்டும் நடை ஒன்றும் செய்யவில்லை.

மகன் சென்னையில் வேலை பார்க்கிறான். போன பிப்ரவரியில் அவனைப் பார்க்கப் போனபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கே எழுப்பி முட்டுக்காடு பக்கம் கூட்டிக்கொண்டு போனான். கோவளத்துக்கு முன்னால், கடலுக்கும் சாலைக்கும் நடுவில் கிடக்கிற கழிமுகத் தண்ணீர். அலை கிடையாது. பலகை மேல் நின்று துடுப்பு போடுகிற, 'ஸ்டாண்ட் அப் பேடிலிங்' என்கிற இந்த விளையாட்டைக் கற்றுக்கொடுத்தவன் அந்தப் பக்கத்து மீனவக் குடும்பத்துப் பையன், 20 வயதுதான் இருக்கும். "ஆன்ட்டி, நீச்சல் தெரியுமா?" என்றான். மலையில் பிறந்தவளுக்கு எங்கிருந்து நீச்சல்? லைஃப் ஜாக்கெட்டைப் போட்டு, பட்டையை அவனே இழுத்து இறுக்கினான். பலகையோடு சேர்ந்த கயிற்றைக் கணுக்காலில் மாட்டினான். விழுந்தால் பலகை நம்மை விட்டுப் போகாமல் இருக்க அந்தக் கயிறு. பலகை நம்மைவிட நன்றாக மிதக்கும், அதைப் பிடித்துக்கொண்டால் போதும் என்றான்.

முதலில் மண்டியிட்டுத் துடுப்பு போட வைத்தான். பத்து நிமிஷம் கழித்து, பலகை நடுவில் இருக்கும் கைப்பிடிக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொரு பாதமாக வைத்து எழுந்திரிக்கச் சொன்னான். எழுந்தேன். முழங்கால் இரண்டும் ஓவர்லாக் மிஷின் ஊசி மாதிரி அடித்துக்கொண்டன. குனிந்து காலைப் பார்த்தேன், விழுந்தேன். மறுபடியும் எழுந்தேன், காலைப் பார்த்தேன், விழுந்தேன்.

"கீழ பாக்காதீங்க ஆன்ட்டி. கரைய பாருங்க. முட்டிய இறுக்காதீங்க, லூசா விடுங்க."

கரையில் ஒரு ஒற்றைப் பனை நின்றது. அதைப் பார்த்தேன். விழவில்லை.

துடுப்பு போடுவதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. அதன் தட்டைப் பகுதி கம்போடு நேராக இருக்காது, சற்றுச் சாய்ந்திருக்கும். அந்தச் சாய்வு நமக்கு முன்பக்கமாக இருக்க வேண்டும். பார்க்கிறவருக்கு அது திருப்பிப் பிடித்த மாதிரி தெரியும். புதிதாக வருகிறவர்களில் பாதிப் பேர் தப்பாகத்தான் பிடிப்பார்களாம், நானும் பிடித்தேன். கை எட்டுகிற தூரத்தில் முன்னால் குத்தி, தட்டை முழுக்கத் தண்ணீரில் மூழ்கிய பிறகு இழுத்து, கணுக்கால் பக்கம் வந்ததும் எடுத்துவிட வேண்டும். அதற்குப் பின்னால் இழுத்தால் வேகம் கூடாது, பலகை திரும்பத்தான் செய்யும். இழுப்பதும் கையால் இல்லை. மேல் கை அழுத்த, கீழ்க் கை நீண்டபடியே இருக்க, இடுப்புக்கு மேலே உடம்பு திரும்பித்தான் இழுக்க வேண்டும். அம்மியில் அரைக்கிறபோது முதுகு போய் வருமே, ஏறக்குறைய அந்த மாதிரி.

மறுநாள் காலை எழுந்தபோது கை வலிக்கும் என்று எதிர்பார்த்தேன். கைக்கு ஒன்றுமில்லை. விலா இரண்டு பக்கமும், தொப்புளுக்குக் கீழேயும், பாதத்தின் அடியிலும் வலித்தது. உள்ளங்காலில் வலிக்கிற அளவுக்குத் தசை இருக்கிறது என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

அந்தப் பையனின் தாத்தா கட்டுமரத்தில் போனவராம். மரத்தின் மேல் மண்டியிட்டும் நின்றும் துடுப்பு போட்டுக் கடலுக்குப் போனவர்களின் பேரன், ஐ.டி. கம்பெனிக்காரர்களுக்குப் பலகையில் நிற்கக் கற்றுக்கொடுக்கிறான். உடனே 'எல்லாம் நம்முடையதுதான்' என்று நான் ஆரம்பிக்கப் போவதில்லை. இன்றைக்கு இருக்கிற இந்த விளையாட்டு ஹவாய்த் தீவுகளின் வைகீகி கடற்கரையில் இருந்து வந்தது. அங்கே அலைச்சறுக்கு சொல்லிக்கொடுத்தவர்கள் போன நூற்றாண்டின் நடுவில் பலகை மேல் நின்று துடுப்பு போட்டிருக்கிறார்கள். 2000க்குப் பிறகு லேர்ட் ஹாமில்டன் போன்ற அலைச்சறுக்கு வீரர்கள் கையில் எடுத்ததும் உலகம் முழுக்கப் பரவியது. ஆனால் 'கட்டமரான்' என்று ஆங்கிலக்காரன் சொல்கிற சொல் நம் கட்டுமரத்தில் இருந்து போனதுதான். அதைச் சொன்னதும் அந்தப் பையன் சிரித்தான். அவனுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது.

எனக்குப் பிடித்துப்போனதைப் பார்த்து, மகன் காற்றடிக்கிற பலகை ஒன்றை வாங்கிக் கொடுத்துவிட்டான். ஒரு நல்ல பவர் மிஷின் வாங்குகிற காசு. திட்டினேன், வாங்கிக்கொண்டேன். சுருட்டி முதுகுப்பையில் போட்டால் பம்ப், துடுப்பு எல்லாம் சேர்த்துப் பத்துப் பன்னிரண்டு கிலோ.

அந்தப் பலகையைப் பற்றி ஒரு தையல்காரியாக எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. சாதாரணமாக ஒரு பைக்குள் காற்றை அடித்தால் அது உருண்டையாக உப்பும். பலூன் அப்படித்தான், லாரி டியூப் அப்படித்தான். இது மட்டும் எப்படி மேசை மாதிரி தட்டையாக நிற்கிறது என்று இரண்டு நாள் யோசித்தேன். மகன் போனில் படம் அனுப்பினான். மேல் துணிக்கும் கீழ்த் துணிக்கும் நடுவில் ஆயிரக்கணக்கான பாலியஸ்டர் நூல்கள், எல்லாம் ஒரே நீளம், ஆறு அங்குலம். காற்று இரண்டு துணியையும் பிரித்துத் தள்ளப் பார்க்கும், நூல்கள் விடாது. எல்லா நூலும் ஒரே அளவாக இருப்பதால் பலகை தட்டையாக, நிற்கிற அளவுக்கு விறைப்பாக இருக்கிறது. துணியின் வெளிப்பக்கம் காற்றுப் போகாமல் பி.வி.சி. பூச்சு. நான் 22 வருடமாக நூல் கோத்தவள். நூலின் மேல் நின்று தண்ணீரில் போவேன் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

அதில் அடிக்க வேண்டிய காற்று 15 பி.எஸ்.ஐ. கார் டயருக்கு அடிப்பதில் பாதி. ஆனால் கையால் அடிக்க வேண்டும். கொடைக்கானல் ஏழாயிரம் அடி உயரம், காற்று மெலிசு. கடற்கரையில் பம்பின் ஒரு அழுத்துக்கு உள்ளே போகிற காற்றில் ஐந்தில் நான்கு பங்குதான் இங்கே போகும். கோவளத்தில் மகன் சிரித்துப் பேசிக்கொண்டே முடித்த வேலைக்கு இங்கே நான் இரண்டு தடவை உட்கார்ந்து எழுந்தேன். உடற்பயிற்சி தண்ணீரில் இறங்குவதற்கு முன்னாலேயே ஆரம்பித்துவிடுகிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

சரி, பக்கத்து வீட்டு அக்கா கேட்ட கேள்விக்கு வருகிறேன். தண்ணீர்.

1863இல் மதுரை கலெக்டராக இருந்த வெர் ஹென்றி லெவிஞ்ச் சதுப்பு நிலத்தில் கரை கட்டி உண்டாக்கியது எங்கள் கொடைக்கானல் ஏரி. முதல் படகைத் தூத்துக்குடியில் இருந்து அவர்தான் கொண்டுவந்தார் என்பார்கள். 1890இலேயே இங்கே படகுக் கிளப் தொடங்கிவிட்டார்கள். ஆக, ஊருக்குப் படகும் துடுப்பும் புதிதில்லை. ஏரிக்கரையில் ஒருவரிடம் விசாரித்தேன். "படகுன்னா சீட்டு குடுக்கலாம்க்கா. பலகைக்கு எப்படி சீட்டு குடுக்குறது?" என்றார். கோபமே வரவில்லை. சீசனில் நூறு பெடல் படகுகள் எந்தத் திசையில் போகிறோம் என்று தெரியாமல் சுற்றிக்கொண்டிருக்கும் இடத்தில், நடுவில் நான் போய் நின்றால் அவருக்கும் கஷ்டம், எனக்கும் கஷ்டம். தண்ணீரும் சில்லென்று இருக்கும். டிசம்பர், ஜனவரியில் அதில் விழுந்தால் மூச்சே அடைத்துக்கொள்ளும். குளிர்ந்த தண்ணீரில் திடீரென்று விழுந்தால் நம்மை அறியாமல் வாயைத் திறந்து மூச்சு இழுப்போம். அந்த நேரம் முகம் தண்ணீருக்குள் இருந்தால் நீச்சல் தெரிந்தவருக்கும் ஆபத்துதான்.

தண்ணீர் கிடைத்தது தாண்டிக்குடிப் பக்கம். என்னிடம் வெகுநாளாகத் துணி தைக்கிற ஒரு ரிட்டயர்டு டீச்சருக்கு அங்கே காபித் தோட்டம். கீழ் மலை, கொடைக்கானல் அளவுக்குக் குளிர் இல்லை. சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி, நடுவில் ஆரஞ்சு, ஓரத்தில் ஒரு பெரிய குட்டை. காபி பூக்கிற நேரத்தில் மழை பொய்த்தால் ஸ்பிரிங்க்ளருக்குத் தண்ணீர் எடுக்க வெட்டியது. "உனக்குப் பைத்தியம்னு எனக்கு அப்பவே தெரியும், வா" என்றார் டீச்சர். இரண்டு வாரத்துக்கு ஒரு ஞாயிறு, சில மாதம் வாரா வாரம், பையை முதுகில் மாட்டிக்கொண்டு பஸ் ஏறிவிடுவேன். கண்டக்டர் முதல் தடவை லக்கேஜ் போட்டார். அப்புறம் போடுவதில்லை.

குட்டை சின்னதுதான். ஒரு சுற்று வர ஆறு நிமிஷம். எட்டுச் சுற்று வருவேன். தோட்டத்துக் காவல்காரர் கரையில் உட்கார்ந்து பார்ப்பார். அவர் இல்லாமல், அல்லது டீச்சர் இல்லாமல், தண்ணீரில் கால் வைக்க மாட்டேன். அது நான் எனக்கே போட்ட சட்டம். முதல் நாள் அவர் ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "ஏம்மா, கம்ப வச்சு ஆழம் பாக்குறீங்களா?" என்று கேட்டார். சுடிதார் பேன்ட் நனைந்து கனத்து இழுத்ததால், அடுத்த வாரமே நீச்சல் துணியில் கணுக்கால் வரை ஒன்று தைத்துக்கொண்டேன். இடுப்பில் எலாஸ்டிக், முழங்காலுக்கு ஒரு மடிப்பு தாராளம். அந்த மாதிரி கேட்டு இரண்டு ஆர்டரும் வந்துவிட்டது.

அட்டை உண்டு. கரையில் சேறு உண்டு. காற்று அடித்தால் நிற்கிற உடம்பே பாய்மரம் மாதிரி ஆகி, போக வேண்டாத பக்கம் தள்ளும். அப்போது கௌரவம் பார்க்காமல் மண்டியிட்டுவிட வேண்டும். தலைசுற்றல், வலிப்பு இருப்பவர்கள், சமீபத்தில் அறுவை சிகிச்சை ஆனவர்கள் டாக்டரிடம் கேட்காமல் இதில் ஏறக் கூடாது. இதை எல்லாரிடமும் சொல்கிறேன். தோட்டத்தில் காபிப் பழம் பறிக்கிற பெண்களிடம் மட்டும் சொல்லத் தேவைப்படவில்லை. "எங்களுக்கு வேற வேலை இல்லையாக்கும்" என்று போய்விட்டார்கள்.

இப்போது உடம்புக்கு என்ன ஆனது என்ற கணக்கு.

இதை நான் ஆரம்பித்தபோது, இது 'பேலன்ஸ்' பயிற்சி என்றுதான் நினைத்தேன். பார்க்கிற யாரும் அப்படித்தான் நினைப்பார்கள். வயதாக ஆக உடம்பின் சமநிலை குறையும், விழுந்தால் இடுப்பெலும்பு போகும். எங்கள் அம்மா அப்படித்தான் படுத்தார். உலக சுகாதார நிறுவனமும் வாரத்துக்கு 150 நிமிஷமாவது மிதமான உடற்பயிற்சி என்று எல்லாருக்கும் சொல்லிவிட்டு, 65 வயதைத் தாண்டியவர்கள் வாரம் மூன்று நாளாவது சமநிலைக்கும் பலத்துக்கும் பயிற்சி செய்ய வேண்டும் என்று தனியாகச் சொல்கிறது. 2022இல் ஒரு பிரிட்டிஷ் மருத்துவ இதழில் பிரேசில் நாட்டு ஆய்வு ஒன்று வந்தது. 51 முதல் 75 வயது வரையிலான 1,702 பேரை ஒற்றைக் காலில் பத்து விநாடி நிற்கச் சொன்னார்கள். ஐந்தில் ஒருவரால் முடியவில்லை. அடுத்த ஏழு வருடம் போல கவனித்ததில், நிற்க முடியாதவர்களிடையே இறப்பு கூடுதலாக இருந்தது. இதைப் படித்துவிட்டு, ஒற்றைக் காலில் நின்றால் ஆயுள் கூடும் என்று வாட்ஸ்அப்பில் போட்டவர்களைப் பார்த்தேன். ஆய்வு அப்படிச் சொல்லவில்லை. நிற்க முடியாமல் போவதற்கு உடம்பில் வேறு காரணங்கள் இருக்கலாம், நிற்பது அதைக் காட்டிக்கொடுக்கிறது, அவ்வளவுதான்.

இருந்தாலும் நானும் நின்று பார்த்தேன். பலகை வாங்கிய வாரத்தில் கண்ணைத் திறந்தபடி வலது கால் 14 விநாடி, இடது கால் 9. ஐந்து மாதம் கழித்து மறுபடியும் நின்றேன். வலது 15, இடது 9.

ஏமாற்றமாக இருந்தது. மகனிடம் புலம்பினேன். அவன் தேடிப் பிடித்து, ஆஸ்திரேலியாவில் பாண்ட் பல்கலைக்கழகத்தார் 2016இல் வெளியிட்ட ஒரு ஆய்வைப் படித்துச் சொன்னான். இந்தப் பலகையே ஏறாத கொஞ்சம் பேரை வாரத்துக்கு மூன்று மணி நேரம், ஆறு வாரம் பயிற்சி செய்ய வைத்திருக்கிறார்கள். மூச்சுத் திறன் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கூடியிருக்கிறது. குப்புறப் படுத்து உடம்பைத் தூக்கித் தாங்கும் நேரம், பக்கவாட்டில் தாங்கும் நேரம், முதுகுத் தசை தாங்கும் நேரம் எல்லாம் ஏறக்குறைய அதே அளவோ அதற்கு மேலேயோ கூடியிருக்கின்றன. சமநிலைச் சோதனையில் மட்டும் குறிப்பிடும்படி மாற்றம் இல்லை. சின்னக் குழுதான், இதை வைத்து அடித்துப் பேச முடியாது. ஆனால் என் வீட்டுக் கணக்கும் அதேதான்.

ஏனென்றால் அன்றே தரையில் படுத்து, அந்தப் பழைய சலிப்பான பயிற்சியையும் செய்து பார்த்தேன். 25 விநாடி தாங்கியவள் 55 விநாடி தாங்கினேன். நூல் துண்டுகளை எண்ணக்கூட நேரம் இருந்தது. மூன்று மணி வலி ஐந்து மணிக்குத் தள்ளிப்போயிருக்கிறது, சில நாள் வருவதே இல்லை. பள்ளிக்கூடம் திறக்கிற ஜூன் மாதத்தில், யூனிஃபார்ம் மலையாகக் குவிந்து கிடந்தபோதும் முதுகுக்கு வெந்நீர்ப் பை வைக்கவில்லை.

பலகை ஒவ்வொரு நொடியும் ஏதோ ஒரு பக்கம் சாய்கிறது. கால் அதைத் தெரிந்துகொள்கிறது. ஆனால் சரிசெய்வது கால் மட்டும் இல்லை, வயிறும் முதுகும் விலாவும் சேர்ந்து பிடித்து இழுக்கின்றன. ஒரு மணி நேரத்தில் எத்தனை ஆயிரம் தடவையோ தெரியாது. தரையில் 25 விநாடியில் 'போதும்' என்ற அதே தசைகள், தண்ணீருக்கு மேலே கேள்வி கேட்காமல் 48 நிமிஷம் வேலை செய்கின்றன. விழுந்தால் நனைவோம் என்ற பயம் ஒன்று போதும் அவற்றுக்கு. பிசியோதெரபிப் பெண்ணிடம் இதைச் சொன்னேன். "அப்ப நான் சொன்னதத்தான் செஞ்சிருக்கீங்க, பஸ் ஏறிப் போய்" என்றார்.

சமநிலைக்கு வேறு வழி பார்க்கிறேன். பல் தேய்க்கும்போது ஒற்றைக் காலில் நிற்கிறேன். பழைய கால் மிஷினைப் பரணில் இருந்து இறக்கி, பீக்கோ வேலைக்கு மட்டும் வைத்திருக்கிறேன். கணுக்காலுக்கு ஆகட்டும் என்று.

போன மாதம் ஒரு தப்பு செய்தேன். காட்டுமாடு வராமல் இருக்கக் குட்டைக்கு ஒரு பக்கம் முள்கம்பி கட்டியிருக்கிறார்கள். சுற்றும்போது கரைக்கு ரொம்ப ஒட்டிப் போய்விட்டேன். 'உஸ்' என்று சத்தம் கேட்டது. பயப்படுகிற மாதிரி ஒன்றும் ஆகவில்லை, ஊசி முனை ஓட்டைதான். கரைக்கு வரும் வரை விறைப்பு குறையவே இல்லை. கடைக்குக் கொண்டுவந்து சோப்புத் தண்ணீர் தடவி, முட்டை முட்டையாக நுரை வந்த இடத்தைச் சாக்பீஸால் குறித்தேன். பலகையோடு வந்த பி.வி.சி. துண்டில் ஒட்டுப்போட வெட்டினேன். சதுரமாக வெட்டக் கூடாது, மூலை சீக்கிரம் உரிந்துவிடும். வட்டமாகத்தான் வெட்ட வேண்டும். இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை, கை தானாகவே வட்டமாக வெட்டியது. பசை தடவி, மேலே இஸ்திரிப் பெட்டியைப் பாரமாக வைத்து, ஒரு நாள் முழுக்க விட்டேன்.

இப்போது அக்டோபர். பகல் முழுக்க மேகம் கடைக்குள் வந்து போகிறது. பலகையைச் சுருட்டி வைத்தால் பூஞ்சை பிடித்துவிடும் என்று, பாதிக் காற்றோடு சுவரில் சாய்த்து வைத்திருக்கிறேன். மேலே தைத்து முடித்த ஜாக்கெட்டுகள் ஹேங்கரில் தொங்குகின்றன. நேற்று அளவு கொடுக்க வந்த ஒரு அம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னக்கா, இங்கயே படுத்துக்கிறீங்களா? இவ்ளோ பெரிய பாயா?"

"ஆமா," என்றேன். "காத்துப் பாய். கையத் தூக்குங்க, மார்பளவு எடுக்கணும்."